சுவரில் கறுப்பு படர்கிறதா? முதலில் ஈரம் வரும் வழியைப் பிடியுங்கள்

வாசகர் கேள்வி–பதில்

ஆனிச் சாரல் தொடங்கியதிலிருந்து பூஞ்சணம் பற்றிய கடிதங்கள்தான் அதிகம். குமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. நடுவில் சுவர் காய்வதற்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். மதுரையில் தானாகக் காய்ந்துவிடும் சுவர் இங்கே காயாமல் நிற்பது அதனால்தான். வந்த கடிதங்களில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் கேட்டவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நாகர்கோவில் வடசேரியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறையின் மேற்குச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே கறுப்புப் புள்ளிகளாகத் தொடங்கி இப்போது இரண்டடி அகலத்துக்குப் படர்ந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் கரைத்து மூன்று முறை துடைத்தேன். பத்தே நாளில் அதே இடத்தில் திரும்பவும் வருகிறது. என்ன செய்ய?
– வாசகி, வடசேரி

பத்து நாளில் அதே இடத்தில் திரும்புகிறது என்றால் அந்த இடம் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று பொருள். பிளீச் கறுப்பு நிறத்தை வெளுக்கும். ஆனால் சிமென்ட் பூச்சு பஞ்சு போன்றது. குளோரின் மேல்பரப்பிலேயே தீர்ந்துபோகும், நீங்கள் ஊற்றிய தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும். உள்ளே வேர்விட்ட பூஞ்சணத்துக்கு அது தண்ணீர் விட்ட கணக்கு. அடுத்த முறை துடைப்பதற்கு முன்னால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் துண்டு எடுங்கள். கறுப்பு படர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் சுவரை உலர்ந்த துணியால் துடைத்து, துண்டை வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நனைந்து சுவர்ப்பக்கம் காய்ந்திருந்தால் அறைக் காற்றிலுள்ள ஈரம்தான் சுவரில் படிகிறது. இரண்டு பக்கமும் நனைவதும் உண்டு. டேப்பே ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் சோதனையே தேவையில்லை, சுவர் ஊறிப்போயிருக்கிறது.

உங்கள் வீடு இரண்டாவது மாடி என்பதால் தரையிலிருந்து ஈரம் ஏற வழியில்லை. மேற்குச் சுவர், ஜன்னலுக்குக் கீழே, மழைக்காலத்தில் என்று மூன்றும் சேர்வதைப் பார்த்தால் எங்கள் சந்தேகம் ஜன்னல் மேல்தான். தென்மேற்குக் காற்று மழையைச் சாய்த்து அடிக்கும்போது தண்ணீர் மூன்று இடங்களில் புகும்: ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு, வெளியே சரியாமல் உள்பக்கம் சரிந்திருக்கும் ஜன்னல் திண்டு, சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விழுந்த மயிரிழை விரிசல்.

எது என்று கண்டுபிடிக்க, மழை இல்லாத நாளாகப் பார்த்துக் கீழிருந்து மேலாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முதலில் திண்டுக்குக் கீழே வெளிச்சுவரில் கால்மணி நேரம் விட்டு விட்டு ஊற்றுங்கள். உள்ளே கசிவு தெரியவில்லை என்றால் திண்டின் மேல் கால்மணி நேரம், பிறகு சட்டத்தின் இடுக்கில். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்துவிடும், எந்த இடத்தில் புகுந்தது என்று சொல்லவே முடியாது. மாடி என்பதால் ஜன்னலுக்கு வெளியே எட்டிச் சாயாதீர்கள். கை எட்டும் அளவுக்கு மட்டும் குவளையால் ஊற்றுங்கள், மீதியை வீட்டுக்காரர் அனுப்பும் ஆள் பார்க்கட்டும். இடுக்கு என்றால் வெளிப்புறத்துக்கான சீலண்ட் அடைத்தால் போதும், ஒருமணி நேர வேலை. திண்டு என்றால் கொத்தனார் வந்து வெளிப்பக்கம் சரிவு கொடுத்து, திண்டின் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு வெட்டு விட வேண்டும். அந்த வெட்டு இல்லாவிட்டால் தண்ணீர் திண்டின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டே ஓடிவந்து சுவருக்குத் திரும்பிவிடும்.

கசிவை நிறுத்திய பிறகு சுத்தம் செய்யும் முறை இது. குழந்தைகளையும் மூச்சிரைப்பு உள்ளவர்களையும் வேறு அறைக்கு அனுப்புங்கள். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். காய்ந்த சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. பூஞ்சணத்தின் விதைத்தூள் அறை முழுக்கப் பறந்து, இன்றைக்கு ஒரு சுவரில் இருப்பது அடுத்த மாதம் நான்கு சுவரிலும் வரும். ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்து வாருங்கள். துணி கறுத்ததும் மாற்றுங்கள். பயன்படுத்திய துணியைப் பையில் கட்டி வெளியே போடுங்கள், அலசி மீண்டும் எடுக்க வேண்டாம்.

அடுத்து வெங்காரம் (போராக்ஸ்). நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் கரைத்துத் துணியால் பூசி அப்படியே காய விடுங்கள், கழுவ வேண்டாம். மேலே படியும் வெங்காரம் பூஞ்சணம் மறுபடி முளைப்பதைத் தடுக்கும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் வாயில் வைக்காத இடமாக இருக்க வேண்டும். பிறகு மேசை மின்விசிறியை அந்தச் சுவரை நோக்கி இரண்டு நாள் ஓட விடுங்கள். பெயின்ட் கொப்புளித்திருந்தால் அதை ஈரமாக்கிச் சுரண்டி எடுத்துவிடுங்கள், அதன் அடியில்தான் மீதி ஒளிந்திருக்கும்.

உடனே பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். ஈரச் சுவரில் அடித்த பிளாஸ்டிக் எமல்ஷன் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, தோல் போலக் கழன்று வரும். பாலித்தீன் சோதனையில் இரண்டு நாளும் உலர்ந்திருந்தால் மட்டும் மேலே படிந்த வெங்காரத்தை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, காய்ந்ததும் பிரைமர், அதன்மேல் பூஞ்சை எதிர்ப்புப் பெயின்ட். பழைய ஓட்டு வீடுகளில் சுண்ணாம்பு அடித்த சுவரில் பூஞ்சணம் குறைவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் பிடிக்காது, ஈரமும் அதன் வழியே வெளியேறிவிடும். வீட்டுக்காரர் சம்மதித்தால் அந்த ஒரு சுவருக்குச் சுண்ணாம்பே போதும். ஆனால் எமல்ஷன் மேல் சுண்ணாம்பு நிற்காது, பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டியாக வேண்டும்.

ரப்பர் ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க முக்கி எடுக்கும் மருந்து எங்கள் பக்கத்தில் கிடைக்கும். அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால் என்ன?
– வாசகர், குலசேகரம்

தயவுசெய்து அடிக்காதீர்கள். ஷீட்டுக்குப் பயன்படுத்தும் பாரா நைட்ரோ பீனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும் நஞ்சு. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனையே அது கெடுக்கும். தோட்டத்துப் புகைப்புரையில் தொங்கும் ஷீட்டுக்கும் குழந்தை தூங்கும் அறைக்கும் ஒரே மருந்து ஆகாது.

அதே மூச்சில் இன்னொன்று. ஷீட்டுக்காக ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட் மீதமிருக்கிறதே என்று குளியலறை டைல்ஸைக் கழுவுகிறவர்கள் உண்டு. அதன் மேலேயே பிளீச்சும் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கழிவறை கழுவும் ஆசிட், வினிகர், அமோனியா கலந்த கண்ணாடி திரவம் எதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. ஒன்றை ஊற்றிக் கழுவிவிட்டு உடனே அடுத்ததை ஊற்றுவதும் கூடாது.

பிளீச் நன்றாக வேலை செய்யும் இடம் டைல்ஸ், கண்ணாடி, பிளாஸ்டிக் போன்ற தண்ணீர் உறிஞ்சாத பரப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி திரவ பிளீச் போதும். பிளீச்சிங் பவுடர் என்றால் 10 கிராம் கரைத்து அரைமணி நேரம் தெளிய விட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள், அடியில் தங்கும் சுண்ணாம்பு டைல்ஸில் வெள்ளைக் கறையாக நிற்கும். பொட்டலத்தைப் பிரித்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வர வேண்டும். வரவில்லை என்றால் பவுடர் வீரியம் இழந்துவிட்டது, அதைக் கரைத்துப் பயனில்லை. பூசி பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள், கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

எங்கள் வீட்டுச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தொட்டால் பொடியாக உதிர்கிறது. இதுவும் பூஞ்சணம்தானா? கடலுக்குப் பக்கம் என்பதால் இப்படியா?
– வாசகர், குளச்சல்

உப்பு என்றே நினைக்கிறோம். ஒரு சிட்டிகை பொடியை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீரில் போடுங்கள். கரைந்துவிட்டால் உப்பு. பூஞ்சணம் கரையாது, விரலில் வழுவழுவென்று இழுபடும், மக்கிய வாடையும் வரும்.

இடுப்பு உயரத்தோடு நிற்பது தரையிலிருந்து ஈரம் ஏறுவதற்கான அடையாளம். அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் பூச்சு இல்லாத அல்லது கெட்டுப்போன வீடுகளில் நிலத்து நீர் செங்கல் வழியே ஏறி ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை வரும். நீர் ஆவியாகிப் போகும், கொண்டுவந்த உப்பு சுவரில் தங்கும். கட்டும்போது உப்புக் கலந்த மணலோ தண்ணீரோ சேர்ந்திருந்தாலும் இப்படிப் பூக்கும். கடல்காற்றை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை.

வாடகைக்கு இருப்பவர் செய்யக் கூடியது கொஞ்சம்தான். காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டி, கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும். அந்தச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்டோ ஒட்டும் தாளோ வேண்டாம். கீழே அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். வெளிப்பக்கம் மண் குவிந்து உள்தரை மட்டத்துக்கு மேலே வந்திருக்கிறதா என்று பாருங்கள், அதை வெட்டித் தாழ்த்தினாலே பல வீடுகளில் பாதிக்குப் பாதி குறையும்.

மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே எங்கள் தளத்தில் வட்டமாக ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. மேல்வீட்டுக்காரர்கள் "எங்கள் குழாயில் கசிவே இல்லை" என்கிறார்கள்.
– வாசகி, மார்த்தாண்டம்

அவர்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். குழாய் நன்றாக இருந்தும் தரை கசியலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. மேல்வீட்டில் பொதுத் தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் வால்வை இரவு முழுக்க மூடிவைக்கச் சொல்லுங்கள், குளியலறையையும் பயன்படுத்த வேண்டாம். யாரும் பயன்படுத்தாத இரவிலும் வழக்கமாகச் சொட்டும் இடம் காலைக்குள் சொட்டு நின்றுவிட்டால் தண்ணீர்க் குழாய் மேல் சந்தேகம். குளிக்கும்போதும் துவைக்கும்போதும் மட்டும் ஈரம் கூடினால் தரையோ கழிவுநீர் வழியோ.

தரையைச் சோதிக்க, கழிவுநீர்த் துளையைத் துணி அடைத்து மூடி, இரண்டு மூன்று செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி அதில் கொஞ்சம் நீலம் கலந்து 24 மணி நேரம் விட வேண்டும். கீழே நீலம் தெரிந்தால் வாக்குவாதம் முடிந்தது. பெரும்பாலும் கோளாறு இருப்பது தரை டைல்ஸ் இணைப்பிலும் நகானி ட்ராப்பை (தரைத் தண்ணீர் இறங்கும் துளையின் கிண்ணம்) சுற்றியுள்ள பூச்சிலும். டைல்ஸ் இணைப்பை மட்டும் எபாக்ஸி கிரவுட்டால் அடைப்பது சின்னக் கசிவுக்குச் சரி. ட்ராப்பைச் சுற்றிக் கசிந்தால் அங்கே வெட்டித் திறந்து ஈரத்தடுப்புச் செய்யாமல் தீராது. கீழே உங்கள் தளத்தில் எதைப் பூசினாலும் வீண், பூசவும் வேண்டாம். தேங்கும் தண்ணீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து ஒருநாள் தளத்துப் பூச்சைப் பெயர்த்து விழச் செய்யும். ஈரம் விளக்கு மாட்டியிருக்கும் இடத்தை எட்டியிருந்தால் அந்த இணைப்பை இன்றைக்கே துண்டித்துவிடுங்கள்.

மழை நாளில் ஜன்னலைத் திறந்து வைக்கவா, மூடி வைக்கவா? ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். துணி காயப் போட மொட்டைமாடியும் இல்லை, அறைக்குள்தான் கொடி கட்டியிருக்கிறோம்.
– வாசகி, தக்கலை

"ஜன்னலைத் திற, ஈரம் போய்விடும்" என்பது குளிர்நாட்டு யோசனை. அங்கே வெளிக்காற்று குளிர்ந்து வறண்டிருக்கும். இங்கே கொட்டும் மழையில் வெளிக்காற்றே ஈரத்தில் தோய்ந்திருக்கிறது, திறந்தால் உள்ளே வருவது அதுதான். மழை பெய்யும்போதும் விடியற்காலையிலும் மூடுங்கள். மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் பதினொன்று மணி முதல் மூன்று மணி வரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விசிறியையும் போடுங்கள். உங்கள் ஊரிலேயே இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்ட ஜன்னல்களைப் பாருங்கள்: மழை உள்ளே வராது, காற்று நிற்காது. நம் கண்ணாடி ஜன்னல்களுக்கு அந்த இரண்டும் ஒருசேர வராது, அதனால்தான் நேரம் பார்த்துத் திறக்க வேண்டியிருக்கிறது.

அறைக்குள் கொடி கட்டுவதுதான் உங்கள் வீட்டில் பெரிய ஈரம். எவ்வளவு என்று நீங்களே நிறுத்துப் பார்க்கலாம். பிழிந்த துணி வாளியை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், காய்ந்த பிறகு அதே துணியை அதே வாளியில் வைத்து நிறுங்கள். இரண்டு கிலோ குறைந்தால் இரண்டு லிட்டர் தண்ணீர் உங்கள் அறைக் காற்றில் கலந்திருக்கிறது. வேறு இடமே இல்லை என்றால் கொடியைக் குளியலறைக்கு மாற்றி, கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் விசிறியை ஓட விடுங்கள். கதவின் அடியில் இரண்டு செ.மீ. இடைவெளி வேண்டும். உள்ளே காற்று வர வழி இல்லாவிட்டால் விசிறி சுற்றுமே தவிர ஈரத்தை இழுக்காது. குளித்த பிறகும் அரைமணி நேரம் ஓடட்டும்.

சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்தால் யூகமே வேண்டாம். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. நம் மழைக்காலத்தில் அது கடினம், ஆனால் நாள்கணக்கில் 80-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணம் நிச்சயம்.

ஏசி போட்ட அறையில் ஒன்றுமில்லை. அதன் அடுத்த அறையில், ஏசி அறையோடு சேர்ந்த சுவரில்தான் பூஞ்சணம். குழாயோ மழையோ அந்தப் பக்கம் இல்லவே இல்லை.
– வாசகர், பார்வதிபுரம்

கோடையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலின் வெளியே வியர்க்கிறதே, அதேதான். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீராகிவிடும். நீங்கள் ஏசியை 20-ல் வைத்தால் அந்தச் சுவர் மறுபக்கமும் குளிரும், அடுத்த அறையின் ஈரக்காற்று அதில் பட்டு வியர்க்கும். ஏசியை 26-க்கு ஏற்றி விசிறியோடு பயன்படுத்துங்கள். அந்தச் சுவரை ஒட்டிப் பீரோ இருந்தால் நான்கு அங்குலம் தள்ளிப் போடுங்கள். பீரோவுக்குப் பின்னால் காற்றோட்டமே இல்லாததால் அங்கேதான் முதலில் கறுக்கும். மழைக்காலத்தில் ஏசியின் ட்ரை மோடு ஈரம் எடுக்க உதவும்.

சுவரிலுள்ள கறுப்புதான் கொரோனா காலத்தில் எல்லோரும் பயந்த கறுப்புப் பூஞ்சையா? என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு.
– வாசகி, இரணியல்

இல்லை. 2021-ல் பேசப்பட்டது மியூகார்மைகோசிஸ். அந்தப் பூஞ்சை மண்ணிலும் அழுகும் பொருள்களிலும் இருப்பது. நோயில் அழுகிப்போன சதை கறுப்பதால் அந்தப் பெயர் வந்தது. சுவரில் வருபவை பெரும்பாலும் வேறு வகைகள். அவற்றால் வரும் தொல்லை தும்மல், மூக்கடைப்பு, இருமல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு. ஆனாலும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் பூஞ்சணம் பிடித்த அறையில் படுக்க வேண்டாம், சுத்தம் செய்யும் வேலையையும் அவர்கள் செய்யக் கூடாது. வீட்டை விட்டு வெளியே போனால் இருமல் குறைந்து, திரும்பி வந்தால் கூடுகிறது என்றால் மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர், "நீங்கள் ஜன்னலைத் திறக்காததால்தான் பூஞ்சணம், காலி செய்யும்போது பெயின்ட் செலவை அட்வான்ஸில் பிடிப்பேன்" என்கிறார். சுவர் வெளியிலிருந்து நனைகிறது என்று எங்களுக்குத் தெரியும். எப்படி நிரூபிப்பது?
– வாசகர், களியக்காவிளை

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பிரித்திருக்கிறது. வாடகைதாரர் ஏற்படுத்திய சேதம் தவிர்த்த கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய் மாற்றுதல் இவை வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், அடைப்பு நீக்குதல் போன்ற சில்லறை வேலைகள் வாடகைதாரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் வாடகை அதிகார அமைப்பிடம் போக உங்கள் கை ஓங்கியிருக்கும்.

நிரூபணம் என்று தனியாக ஒன்றுமில்லை, மேலே சொன்ன பாலித்தீன் சோதனைதான். ஒட்டும்போது ஒரு படம், மறுநாள் பிரிக்கும்போது சுவர்ப்பக்கத் துளிகள் தெரிய ஒரு படம், பக்கத்தில் அன்றைய நாளிதழின் தேதி தெரிய வேண்டும். மழை பெய்த நாளில் ஒன்று, ஒரு வாரம் மழையில்லாத பிறகு ஒன்று என இரண்டு முறை எடுத்தால் மழைக்கும் ஈரத்துக்கும் உள்ள தொடர்பு வெளிப்படையாகத் தெரியும். வாய்ச்சொல்லாகச் சொல்லி மனக்கசப்பு வளர்ப்பதைவிட, மரியாதையாக எழுத்தில் அனுப்புவது நல்லது. இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, படுக்கையறை மேற்குச் சுவரில் ஜன்னலின் இடப்பக்கம் இரண்டடிக்கு மூன்றடி அளவில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. மழை பெய்யும் நாள்களில் கூடுகிறது. சோதனைப் படங்கள் இணைத்திருக்கிறேன். வெளிப்பக்கம் சன்ஷேடு சேரும் இடத்தில் விரிசல் தெரிகிறது. 15 நாள்களுக்குள் ஒரு கொத்தனாரை அனுப்பிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே சுத்தம் செய்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

கடைசி வரி முக்கியம். உங்கள் பங்கை நீங்கள் செய்கிறீர்கள் என்று தெரிந்தால் பல வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். விரிசல் அடைப்பதை மழை விட்ட இடைவெளியில் தற்காலிகமாகச் செய்துகொள்ளலாம். வெளிச்சுவர்ப் பூச்சும் பெயின்டும் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏப்ரலில் கோடைமழை தொடங்கிவிட்டால் சுவர் காய மறுபடி நாள் பிடிக்கும்.

பீரோவில் பட்டுப்புடவைகளில் வெள்ளைப் புள்ளி. நாப்தலின் உருண்டை போட்டும் வந்துவிட்டது.
– வாசகி, கோட்டாறு

நாப்தலின் பூச்சிக்கு. பூஞ்சணத்தை அது தடுக்காது, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைக்காமல் இருப்பதே நல்லது. புடவையை வெளியே நிழலில் விரித்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, காற்றாட ஒரு பகல் தொங்க விடுங்கள். நேர் வெயிலில் பட்டின் நிறம் போகும், வினிகரும் பிளீச்சும் சரிகையைக் கெடுக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். பீரோவில் 50 கிராம் சிலிக்கா ஜெல் பைகள் நான்கைந்து வைத்து, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, வெயில் அடிக்கும் மதியத்தில் பீரோவைத் திறந்து மடிப்பை மாற்றிப் போடுங்கள்.